வாலைப் பார்க்காமல் வழி விடாதவர்

ரயில் வரும்போது எல்லோரும் எஞ்சினைத்தான் பார்ப்பார்கள். சிக்னல் கேபினில் வேலை செய்யும் எங்கள் கேபின் மாமா எஞ்சினைப் பார்த்து நான் கண்டதே இல்லை. வண்டி தடதடவென்று ஸ்டேஷனுக்குள் நுழையும்போது அவர் தன்பாட்டில் லீவர்களைத் துடைத்துக்கொண்டிருப்பார். கடைசிப் பெட்டி கேபினைத் தாண்டும் நேரம் மட்டும் ஜன்னலுக்கு வந்து, கழுத்தை நீட்டி, அதன் பின்புறத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டு "வால் இருக்கு" என்று சத்தமாகச் சொல்வார். கேட்பதற்குப் பக்கத்தில் ஒரு காக்காய்கூட இருக்காது. ஆனாலும் சொல்வார்.

வால் என்பது கடைசிப் பெட்டியின் முதுகில் தொங்கும் வட்டமான சிவப்புத் தகடு. இரவில் அதே இடத்தில் சிவப்பு விளக்கு. அது இருந்தால் வண்டி முழுசாக வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். இல்லாவிட்டால் வழியில் எங்கேயோ ஒரு பெட்டி கழன்று போயிருக்கலாம். சமதரையில் கழன்றால் அது சும்மா நிற்கும். எங்கள் பக்கம் மலை. கழன்ற பெட்டி வந்த வழியே கீழே உருளும். அதனால் வாலைக் கண்ணால் பார்க்காமல், கீழே இருக்கும் ஸ்டேஷனுக்கு "லைன் காலி, அடுத்த வண்டியை அனுப்பு" என்று மணி அடிக்கக்கூடாது. இது ரயில்வேயின் சட்டம். கேபின் மாமாவுக்கு இதுதான் பைபிள், இதுதான் குடும்பம், இதுதான் எல்லாம்.

கண்டிக்குப் போகும் வழியில், கடுகண்ணாவைக் கணவாயில் ஏறி வரும் பாதையில் இருக்கிறது அந்த ஸ்டேஷன். பேரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இப்போது அங்கே வேலை செய்கிறவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். என் அப்பா அங்கே டிக்கட் கொடுக்கிறவர். எங்கள் ரயில்வே குவாட்டஸின் பின்பக்க ஜன்னலைத் திறந்தால் இருநூறு கெஜ தூரத்தில் கேபின் தெரியும். மரப்படி ஏறிப் போகவேண்டிய மாடி அறை, நாலு பக்கமும் கண்ணாடி. உள்ளே வெளியாட்கள் வரக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரி, அவர் மடியில் வளர்ந்தவள் என்கிற சலுகையெல்லாம் அங்கே எடுபடாது. அம்மா தேத்தண்ணி அனுப்பினால் நான் கீழே நின்று கூப்பிடுவேன். கயிற்றில் கட்டிய ஒரு பன் பை, கோரைப் புல்லில் பின்னியது, இறங்கி வரும். பிளாஸ்கை அதில் வைத்தால் மேலே இழுத்துக்கொள்வார்.

"தேத்தண்ணி. சீனி போட்டது. ஒரு பிளாஸ்க். சரியா பாப்பா?"

"சரி மாமா."

"சரின்னா?"

"தேத்தண்ணி, சீனி போட்டது, ஒரு பிளாஸ்க்."

இப்படித் திருப்பிச் சொல்லாவிட்டால் மனுஷர் குடிக்கமாட்டார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். எத்தனையோ நாள் வேண்டுமென்றே "கோப்பி, ரெண்டு வாளி" என்று கத்திவிட்டு ஓடியிருக்கிறேன். பின்னாலேயே அவர் குரல் வரும்: "தப்பு! திரும்பி வா!"

வேலைக்குப் போகாத நாளிலும் அவர் அப்படித்தான். கண்டிக்குப் படம் பார்க்கப் போனால், எழுத்தெல்லாம் ஓடி முடிந்து திரை வெள்ளையாகும்வரை எழுந்திருக்கமாட்டார். விளக்குமாற்றோடு வருகிறவன் அவர் காலுக்கடியில் கூட்டிக்கொண்டு நிற்பான். பூசை முடிந்தால் கடைசி மெழுகுதிரியை அணைக்கும்வரை கோவிலில் இருப்பார். பக்தி என்று புதுசாக வந்த ஃபாதர் நினைத்தார். ஃபோனில் பேசினால் இன்னும் மோசம். "வச்சிடட்டுமா?" என்பார். "வைங்க" என்போம். "நீ முதல்ல வை" என்பார். வைத்த பிறகு திரும்பக் கூப்பிட்டு "வச்சிட்ட தானே?" என்று கேட்டிருக்கிறார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே இரண்டு தடவை நடந்திருக்கிறது.

"இவரக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு இருக்கே, சந்தைக்குப் போய் வந்தா என் பின்பக்கத்தப் பாத்துட்டுத்தான் கதவச் சாத்துவாரு" என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவரும் கூடவே சிரிப்பார். தன்னைக் கேலி செய்தால் அவருக்குக் கோபமே வராது. ஆனால் ஒரு நூல்கூட மாறவும் மாட்டார்.

இந்தப் பழக்கம் ஒரு நாள் என் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தது. அதைச் சொல்வதற்கு முன் என் முதல் சம்பந்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாக இருந்த காலம் போய்விட்டது.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு பையன். பேச்செல்லாம் முடிந்து நிச்சயதார்த்தத்துக்கு நாள் வைத்தோம். வீடு நிறையச் சனம், முற்றத்தில் வாடகைக் கதிரைகள், எழுபது பேருக்குச் சாப்பாடு. பத்து மணிக்கு வரவேண்டியவர்கள் பதினொன்றாகியும் வரவில்லை. அப்பா ஃபோன் எடுத்துக் கேட்டார். "வந்துட்டு இருக்கோம்" என்றார்கள். பன்னிரண்டுக்கும் "வந்துட்டு இருக்கோம்" என்றார்கள். ஒன்றரைக்கும் அதேதான். மூன்று மணிக்கு யாரோ ஒரு மாமன்காரர் எடுத்து, பையனுக்கு விருப்பமில்லையாம், மன்னிக்கணும் என்று வைத்துவிட்டார். அத்தனை சனமும் என் முகத்தைப் பார்க்காமல், சாப்பிட்டும் சாப்பிடாமலும் கலைந்து போனது. கேபின் மாமா மட்டும் முற்றத்துக் கதிரையில் ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். விஷயம் அவர் காதுக்கு எட்டவில்லை போலும்.

அம்மா அழுத முகத்தோடு வெளியே போய், "போங்கண்ணே. இனி யாரு வரப்போறா" என்றாள்.

"வரமாட்டோம்னு சொல்லிட்டாங்களா, தங்கச்சி?"

"சொல்லிட்டாங்க."

"அப்ப சரி" என்று எழுந்தார். "சொல்லாம நான் எந்திரிக்கிறதில்ல" என்று சொல்லிவிட்டு, எழுபது கதிரையையும் அவரே மடித்து அடுக்கினார்.

இரண்டு வருஷம் கழித்து இன்னொரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கொழும்பு, கொட்டாஞ்சேனை. பழைய கதையை நானே அவரிடம் சொன்னேன். "இனி ஒருத்தர் என்னக் காக்க வச்சா எனக்குத் தாங்காது" என்றும் சொன்னேன். அவர் அதிகம் பேசாத ஆள். தலையை மட்டும் ஆட்டினார். அந்த ஆட்டலை நம்பித்தான் நான் சம்மதித்தேன் என்றாலும், உள்ளுக்குள் பயம் போகவில்லை.

கல்யாணம் எங்கள் ஸ்டேஷனுக்கு மேலே மேட்டில் இருக்கும் சின்னக் கோவிலில், காலை பத்து மணிக்கு. மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேரும் காலைக் கோச்சியில், அதாவது ரயிலில், வருவதாக ஏற்பாடு. எட்டு ஐம்பதுக்கு வந்துவிடும். ஃபாதர் முதலிலேயே எச்சரித்திருந்தார். பன்னிரண்டு மணிக்குக் கண்டியில் ஆயர் ஆண்டகையின் திருப்பலி, பதினொன்றரைக்கு அவர் காரில் ஏறியே ஆகவேண்டும். அதற்குப் பிறகென்றால் கல்யாணம் இன்னொரு நாள்தான்.

ஒன்பது பத்துக்கு மாப்பிள்ளையிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "கோச்சி நிக்குது. வந்துட்டு இருக்கோம்."

அதே வார்த்தை. உடனே அவருக்கு ஃபோன் எடுத்தேன். திரும்ப எடுத்தேன். மலைக்குள் சிக்னல் இல்லை. கோவில் பக்கத்து அறையில் கூறைச் சேலையும் நகையுமாக உட்கார்ந்துகொண்டு ஒன்பதரைவரை எடுத்தேன். பிறகு அப்பா வந்து விஷயத்தைச் சொன்னார். மாப்பிள்ளை வண்டிக்கு முன்னால் ஒரு குட்ஸ் வண்டி மலையேறி எங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறது. அதில் வால் இல்லை. கேபின் மாமா லைன் காலி கொடுக்க மறுத்துவிட்டார். அதனால் மாப்பிள்ளை வண்டி கீழ் ஸ்டேஷனில் நிற்கிறது. அந்த ஸ்டேஷன் காட்டுக்கு நடுவில். ரோட்டுக்குப் போகவேண்டுமென்றால் ஒற்றையடிப் பாதையில் இறங்கவேண்டும், ரோட்டுக்குப் போனாலும் பஸ் என்று ஒன்று வந்தால்தான் உண்டு.

என் கோபத்தை நினைத்துப் பாருங்கள். என்னை நிற்க வைத்திருப்பது வேறு யாருமில்லை, நான் தேத்தண்ணி சுமந்த கேபின் மாமா! அவருடைய கைபேசிக்கு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. டியூட்டி நேரத்தில் அதை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடி வைத்துவிடுவார் என்று தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்ப எடுத்தேன்.

குட்ஸில் வந்த கார்ட், வண்டிக்குப் பொறுப்பானவர், சிங்களவர், நல்ல மனுஷன். அன்று அந்த வண்டிக்குப் பின்னால் கார்ட் பெட்டி இல்லாததால் எஞ்சினிலேயே வந்திருக்கிறார். வால் வழியில் விழுந்திருக்கும், வண்டி முழுசாகத்தான் இருக்கிறது என்று அவர் சொல்லிப் பார்த்தார். மாமா பெட்டிகளை எண்ணினார். பதினாறு. கார்டிடம் எத்தனை என்று கேட்டார். "தஹசய... மங் ஹிதன்னே" என்றார் கார்ட். பதினாறு என்று நினைக்கிறேன். அந்த "நினைக்கிறேன்" போதும், மாமா லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டார். கொழும்பிலிருந்து பெரிய ஆள் ஒருவர் ஃபோனில் கத்தினாராம். மாமா அவர் கத்தியதையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்லி, "சரியாங்க ஐயா?" என்று கேட்டாராம். பெரிய ஆள் ஃபோனை வைத்துவிட்டார். கடைசியில் தண்டவாளம் பார்க்கும் இரண்டு பேரை, கீழ் ஸ்டேஷன்வரை நடந்து லைனைப் பார்த்து அங்கிருந்து ஃபோன் பண்ணும்படி அனுப்பினார். மூன்று மைல் தூரம்.

பத்து மணிக்கு அம்மாவால் பொறுக்க முடியவில்லை. பட்டுச் சேலையோடு ஒரு திரீவீலரில் ஏறி நேரே கேபினுக்கு அடியில் போய் இறங்கினாள்.

"அண்ணே! வெளிய வாங்க!"

அவர் ஜன்னலுக்கு வந்தார். "டியூட்டியில இருக்கேன் தங்கச்சி."

"பிள்ள அங்க கல்யாண உடுப்போட உக்காந்து அழுவுது. போன தடவ என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா? உங்களுக்கு மனசே இல்லையா?"

"மனசு இருக்கு தங்கச்சி. வால் இல்ல."

"மண்ணாங்கட்டி வால்! பதினொன்றரைக்கு ஃபாதர் போயிருவாரு!"

"கீழ நிக்கிற வண்டியில நாப்பது பேர் நம்ம ஆளுங்க. மத்தவங்க முந்நூறு பேர். நடுவுல ஒரு பெட்டி கழண்டு நின்னு, அது உருண்டுச்சின்னா நான் யாருக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறது?"

அம்மா அதற்கெல்லாம் அடங்குகிறவளா? அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்து அரைமணி நேரத்துக்கு மேல் திட்டினாள். அவர் ஜன்னலை விட்டு நகராமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். இதை அம்மாவே பிறகு ஒத்துக்கொண்டாள்.

கோவிலில் எனக்கு அதைவிட மோசம். பக்கத்து அறைக் கதவுக்கு வெளியே இரண்டு பெண்கள், "போன தடவையும் இப்படித்தானே 'வந்துட்டு இருக்கோம்'னாங்க" என்று குசுகுசுத்தது காதில் விழுந்தது. தலையில் குத்தியிருந்த நெட் முக்காட்டைக் கழற்றி மடியில் போட்டேன். அப்பாவைப் பார்த்து, "உங்க கூட்டாளிதானே, போய்ச் சொல்லுங்களேன்" என்று சீறினேன். அப்பா டையைத் தளர்த்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "வாலப் பாக்காம அவன் வண்டிய விட்டாத்தான் நான் அவனோட பேசமாட்டேன்" என்றார். என் அப்பா மேலும் எனக்கு அன்றைக்கு வெறுப்பு வந்தது.

அங்கே கேபினுக்கு அடியில் அம்மாவுக்குத் தொண்டை கட்டும் நேரம், கணவாய்ப் பக்கத்திலிருந்து தண்டவாளத்தின் நடுவே ஒரு ஆள் நடந்து வந்தாராம். நீலக் கோட் தோளில், முழங்கால்வரை சேறு, கக்கத்தில் வட்டமாக ஒரு சிவப்புத் தகடு. அம்மா யாரோ ரயில்வே ஆள் என்றுதான் நினைத்தாள். கிட்ட வந்த பிறகுதான் தெரிந்தது, மாப்பிள்ளை.

கொட்டாஞ்சேனைக்காரர். வாழ்க்கையில் அதுவரை அவர் அதிகம் நடந்தது காலிமுகத் திடலில் கடலை கொறித்துக்கொண்டுதான். கீழ் ஸ்டேஷனில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நான் லைனால நடந்து போனா ஏதாவது வண்டி வருமா?" என்று ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டிருக்கிறார். "ஒண்ணும் வராது ஐயா. அதுதானே பிரச்சினை" என்றிருக்கிறார் அவர். உடனே இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டாவது சுரங்கத்தைத் தாண்டியதும் தண்டவாளத்தோரத் தண்ணீர்க் கானுக்குள் இந்தத் தகடு கிடந்ததாம். எடுத்துக்கொண்டு வரும்போது எதிரே லைன் பார்த்துக்கொண்டு இறங்கிய இரண்டு பேரும், "ஐயோ, இதாலதான் எல்லாக் கரைச்சலும், மேல கொண்டுபோய்க் குடுங்க" என்றார்களாம்.

பன் பை இறங்கியது. தகட்டை அதில் வைத்தார். மாமா மேலே இழுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இப்ப லைனக் குடுக்கலாம்தானே அங்கிள்? நான் முழுக்க நடந்து வந்தேன். ஒரு பெட்டியும் இல்ல."

"நீங்க மாப்பிள்ளதானே?"

"ஆமா அங்கிள்."

"அப்ப உங்க சாட்சி செல்லாது. அவசரத்துல இருக்கிற கண்ணு, இருக்கிறதையும் இல்லன்னு சொல்லும். எங்க ஆளுங்க கீழ போய் ஃபோன் பண்ணட்டும்." பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "பத்து நாப்பது. தங்கச்சி, மாப்பிள்ளய அனுப்புறேன். கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார்.

திரீவீலர் சத்தம் கேட்டு நான் வெளியே ஓடினேன். அவர் இறங்கினார். ஒரு சப்பாத்தின் அடி பிளந்து வாயைத் திறந்துகொண்டிருந்தது.

"ஸொரி, லேட்டாயிட்டு" என்றார்.

"நடந்தா வந்தீங்க?"

"கோச்சிக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்னு யாருக்கும் தெரியல. நீங்க பயந்துருவீங்களேன்னு..."

அவ்வளவுதான், நான் அழுத அழுகையில் முகத்துப் பூச்செல்லாம் சேலைக்கு இறங்கியது. சந்தோஷத்தில் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். பதினைந்து மைல் கார் ரோட்டில் வராத ஒருவனுக்காக இரண்டு வருஷம் குமைந்தவள் நான். இந்த மனுஷன் அடைத்துக் கிடந்த லைனில் மலையேறி வந்திருந்தார். குசுகுசுத்த இரண்டு பெண்களும் ஓடிப்போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

தாலி இன்னும் அவர் அம்மாவின் பையில், கீழே வண்டிக்குள் இருந்தது. லைன் பார்த்தவர்கள் கீழே போய் ஃபோன் பண்ணி, மாமா வழி விட்டு, பதினொன்று ஐந்துக்குக் கணவாயில் கோச்சி கூவியது. கோவில் முற்றத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். பதினொன்றேகாலுக்கு மாமியார் தாலிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேடேறி வந்தார். ஃபாதர் பிரசங்கத்தை விட்டுவிட்டுத் தாலியை எடுத்துக் கொடுத்தார். பதினொன்று இருபத்தெட்டுக்கு நான் கல்யாணமானவள். பிரசங்கம் இல்லாத கல்யாணம் என்று ஊரில் இன்றைக்கும் பாராட்டுகிறார்கள்.

விருந்தில் அம்மாவே ஒரு பிரியாணிப் பார்சலைக் கட்டிக் கேபினுக்குக் கொண்டுபோய்ப் பன் பையில் வைத்தாள். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிட்டாள். எனக்கும் அவர் மேல் ஆத்திரம் ஆறவில்லை. சட்டம் சட்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். அந்த டின்னைத் திறந்து, பயப்படாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் மலை இடிந்தா விழும்? நேரில் கண்டால் என்னென்ன கேட்கவேண்டும் என்று மனசுக்குள் வரிசைப்படுத்தி வைத்தேன்.

சாயங்காலம் குவாட்டஸில் கூட்டம் குறைந்திருந்தது. மாப்பிள்ளை உப்புத் தண்ணீர்ப் பேசினுக்குள் காலை வைத்துக்கொண்டு அப்பாவோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஆறு இருபதுக்கு என் ஃபோன் அடித்தது. கேபின் மாமா. பின்பக்க ஜன்னலுக்குப் போனேன். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கேபின் படியின் கடைசித் தட்டில் அவர் குந்தியிருப்பது தெரிந்தது. மடியில் பார்சல், கட்டிய கட்டு அவிழாமல்.

"பாப்பா, டியூட்டியக் குடுத்துட்டேன். டின்னத் தொறந்து பாத்தா இருபத்து மூணு தடவ கூப்பிட்டிருக்க. என்னா விஷயம்?"

கட்டு அவிழாத அந்தப் பார்சலைப் பார்த்ததும் வரிசைப்படுத்தி வைத்ததெல்லாம் மறந்துபோனது. "ஒண்ணுமில்ல மாமா."

"மாப்பிள்ள வந்து சேந்துட்டாரா?"

"என்ன மாமா கேக்குறீங்க? நீங்கதானே ஜன்னலால பாத்தீங்க!"

"போனதத்தான் பாத்தேன். பத்து நாப்பதுக்கு அனுப்புனேன். வந்து சேந்தாருன்னு யாரும் எனக்குச் சொல்லலியே."

வண்டியில் வந்தவர்கள் அவரைத் தாண்டித்தான் மேடேறினார்கள். விருந்தின் பாட்டுச் சத்தம் அந்தக் கண்ணாடியில் மோதியிருக்கும். பிரியாணியே போயிருக்கிறது. அத்தனையும் அவருக்குப் போதவில்லை. அன்று முழுக்க, ஏழரை மணி நேரம், சாப்பிடாமல்கூட, என் கல்யாணத்தை லைனிலேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார் மனுஷர்.

"வந்து சேந்துட்டாரு மாமா."

"முழுசா?"

திரும்பி, பேசினுக்குள் இருந்த கொப்புளக் கால்களைப் பார்த்தேன். "முழுசா மாமா. சப்பாத்துதான் போச்சு."

"மாப்பிள்ள வந்து சேந்துட்டாரு. முழுசா. சப்பாத்து இல்ல. சரியா?"

"சரி மாமா" என்றேன். பிறகு, அவர் கேட்பதற்கு முன்னால், அழுகையும் சிரிப்புமாக எல்லாவற்றையும் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னேன்.

"அப்ப சரி" என்று படியிலிருந்து எழுந்தார்.

இப்போது அவர் ஓய்வுபெற்றுப் புசல்லாவையில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கேயும் ரோட்டோரம் நின்று, போகிற பஸ்ஸின் பின்புறத்தைத்தான் பார்க்கிறாராம். ஆனால் எனக்கு அவர் என்றால் அந்தச் சாயங்காலம்தான். பிரியாணிப் பார்சலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தண்டவாளத்தைத் தாண்டி, தன் குவாட்டஸுக்கு நடந்து போனார். உள்ளே எல்லோரும் என்னைக் கூப்பிட்டார்கள். அவர் வீட்டுக் கதவு சாத்தும்வரை நான் ஜன்னலை விட்டு நகரவில்லை.